புட்டிங் கிண்ணம் முதல் புதிய தரச்சான்று வரை: ரெட்ரோ ஹெல்மெட்டின் கதை

பைக் ஷோரூம்களில் இப்போது ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். வண்டியில் ஏபிஎஸ், எல்இடி விளக்கு, ப்ளூடூத் என்று எல்லாமே புதுசு. உருவம் மட்டும் 1960களிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்தது போல இருக்கும். வட்ட ஹெட்லைட், உருண்டையான பெட்ரோல் டேங்க், பளபளக்கும் குரோமியம். வண்டி அப்படி இருந்தால் தலையில் மாட்டுவதும் அதே ஜாடையில் வேண்டும் அல்லவா? அதனால்தான் ஒற்றை நிறப் பெயின்ட், தோல் விளிம்பு, பொத்தான் வைத்த வைசர் என்று பழங்கால ஹெல்மெட்டுகள் மறுபடி அலமாரிக்கு வந்திருக்கின்றன.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். பழைய மோஸ்தர் சட்டை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தாத்தா காலத்துக் கைக்கடிகாரம் கட்டினால் நாலு பேர் பாராட்டுவார்கள். ஹெல்மெட் விஷயம் அப்படியல்ல. அதன் வேலை ஒரே ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவை அது தோற்றுவிட்டால் அழகைப் பற்றிப் பேச ஆள் இருக்கமாட்டார்!

அழகு பழையதாக இருக்கலாம், பாதுகாப்பு பழையதாக இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஓட்டுக்குள் அடைப்பதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதில் டாக்டர்கள், இயற்பியல் ஆராய்ச்சியாளர், கார் உதிரிபாக வியாபாரி, சிறைக்குப் போன ஒரு கிழவர் என்று பலரும் வருகிறார்கள்.

பந்தயத் திடலில் ஒரு டாக்டர்

இங்கிலாந்தில் ப்ரூக்லேண்ட்ஸ் என்றொரு புகழ்பெற்ற பந்தயத் திடல் இருந்தது. அங்கே மருத்துவராக இருந்தவர் எரிக் கார்ட்னர். மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலையில் அடிபட்டு அடிக்கடி அவரிடம் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கட்டுப் போட்டு அனுப்புவதைவிட அடி படாமல் தடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். கேன்வாஸ் துணியை அரக்கால் கெட்டியாக்கி ஒரு தலைக்கவசம் செய்யச் சொன்னார்.

அன்றைய மோட்டார் சைக்கிள் பந்தய அமைப்பு அதை முதலில் ஏற்கவில்லை. பிறகு மனம் மாறி, 1914-ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டி.டி. பந்தயத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இப்படித்தான் ஹெல்மெட் பந்தயத்துக்குள் நுழைந்தது.

ஆனால் சாலைக்கு வரவில்லை. சாதாரண ஆட்கள் துணித் தொப்பியோடும், தோல் குல்லாயோடும், வெறுந்தலையோடும்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

லாரன்ஸின் மரணம்

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' திரைப்படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1962-இல் வந்த அந்தப் படம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் தொடங்கும். அது உண்மையில் நடந்தது. முதல் உலகப்போரில் அரபுக் கிளர்ச்சியோடு சேர்ந்து போரிட்டுப் புகழ்பெற்ற டி.இ.லாரன்ஸுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அவரிடம் இருந்தது ப்ரஃப் சுப்பீரியர் எஸ்எஸ்100 என்ற வண்டி. அந்தக் காலத்தில் மிக வேகமானவற்றில் ஒன்று.

1935 மே 13 அன்று, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தன் வீட்டுக்கு அருகே வரும்போது சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மூளை அறுவை நிபுணர். லாரன்ஸைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயம் என்ற விஷயத்தை அதன் பிறகு அவர் விடவே இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ராணுவச் செய்திகளை எடுத்துச்செல்ல ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அனுப்பப்பட்டார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் தெருவிளக்கு கிடையாது. விளைவு? போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் சாலை விபத்தில் இறந்தார்கள். அதற்கு முந்தைய 21 மாதங்களைவிட இது 21 சதவீதம் அதிகம்.

1941-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் இதைக் கட்டுரையாக எழுதினார். ஹெல்மெட் அணிந்து விபத்துக்குள்ளானவர்கள் ஏழு பேரைத்தான் அவரால் அப்போது பார்க்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஏழு என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ராணுவத்தை யோசிக்கவைக்க அது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பணியில் இருக்கும் ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது.

இங்கே இன்னொரு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்போர்ன். ஆக்ஸ்ஃபோர்டில் கெய்ர்ன்ஸோடு வேலை செய்த இயற்பியல் ஆராய்ச்சியாளர். ஜெலட்டினால் மூளை மாதிரி செய்து பரிசோதித்து, 1943-இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். தலை நேராக மோதுவதைவிடச் சட்டென்று சுழல்வதுதான் மூளையை அதிகம் காயப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. இந்த விஷயம் கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

புட்டிங் கிண்ணம்

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பிரபலமான ஹெல்மெட்டுக்கு வைத்த செல்லப் பெயர் 'புட்டிங் கிண்ணம்'. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உச்சந்தலையை மட்டும் மூடும். காதுகளுக்குத் தோல் மடிப்பு. உள்ளே கார்க் அடுக்கும் தலையைத் தாங்கும் நாடாக்களும் இருக்கும். 1950களில் பந்தயக்காரர்கள் இதைத்தான் மாட்டினார்கள். லண்டனின் ஏஸ் கஃபே வாசலில் கூடிய 'ராக்கர்' இளைஞர்களின் புகைப்படங்களிலும் இதைப் பார்க்கலாம். பலர் அதைக்கூட மாட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பார்க்க அழகுதான். ஆனால் நெற்றிப்பொட்டும் பின்மண்டையின் கீழ்ப்பகுதியும் திறந்தே கிடந்தன.

நசுங்கினால்தான் நல்லது

ஹெல்மெட் கெட்டியாக இருந்தால் போதும் என்பதுதான் அதுவரை பொதுவான எண்ணம். அது பாதிதான் சரி. இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் மோதினால் சட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடி அப்படியே மண்டைக்குப் போகும். மோதும் கணத்தில் தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கவேண்டும். அந்தத் தூரத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் மென்மையான அடுக்கு. அது நசுங்கி, திரும்ப எழாமல் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனையோடு அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் லோம்பார்டுக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகத்தில் விற்கும் ஹெல்மெட்டுகளில் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை அதன் வாரிசுதான்.

கலிஃபோர்னியாவில் பெல் என்ற ஊரில் கார் உதிரிபாகக் கடை நடத்தியவர் ராய் ரிக்டர். 1954-இல் அவர் கடையிலிருந்து பெல் 500 என்ற ஹெல்மெட் வந்தது. கண்ணாடியிழை ஓடு, காதுகளையும் பின்மண்டையையும் மூடும் வடிவம், முகம் மட்டும் திறந்திருக்கும். 1957-இல் நசுங்கும் உள்ளடுக்கோடு 500-டிஎக்ஸ் வந்தது. இன்று 'ரெட்ரோ' என்றால் கண்முன் வரும் உருவம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கிடையில் இன்னொரு சோகம். 1956-இல் பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய வீரர் விபத்தில் தலைக்காயத்தால் இறந்தார். அவர் ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார்! ஆனால் அது காப்பாற்றவில்லை. அவருடைய நண்பர்களும் டாக்டர் ஜார்ஜ் ஸ்னைவ்லியும் சேர்ந்து 1957-இல் ஸ்னெல் நினைவு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நோக்கம் ஒன்றே: எந்த ஹெல்மெட் உண்மையில் காப்பாற்றும், எது வெறும் வேஷம் என்று சோதித்துச் சொல்வது. ஹெல்மெட் தரச்சான்று என்ற உலகமே வேரூன்றியது இப்படிப்பட்ட மரணங்களில்தான்.

முகமும் மூடியது

1960களின் கடைசியில் பெல் ஸ்டார் வந்தது. தாடையையும் சேர்த்து முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட். 1968-இல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி இதை அணிந்து களமிறங்கியபோது விண்வெளி வீரர் மாதிரி இருந்தார்.

அது வெறும் அலங்காரமல்ல என்பது பின்னால் நிரூபணமானது. ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்மர் ஓட்டே விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுகளில் அடி எங்கே படுகிறது என்று ஆராய்ந்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாடைப் பகுதியில்! முகம் திறந்த ஹெல்மெட் எவ்வளவு உயர்ந்த சான்று பெற்றாலும் அந்த இடத்தில் அதனால் ஒன்றும் செய்யமுடியாது. ரெட்ரோ பிரியர்கள் மறக்கக்கூடாத கணக்கு இது.

சட்டமும் சண்டையும்

சாலையில் செல்லும் எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கும் ஹெல்மெட்டை முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். ஆண்டு 1961. கெய்ர்ன்ஸ் பிறந்த நாடு என்பது ஒரு பொருத்தம். பிரிட்டனில் 1973-இல்தான் சட்டம் வந்தது. அதைப் பார்க்க கெய்ர்ன்ஸ் இல்லை. அவர் 1952-இலேயே இறந்துவிட்டார்.

சட்டத்தை எல்லோரும் வரவேற்கவில்லை. ஃப்ரெட் ஹில் என்ற முதியவர் "என் தலை, என் உரிமை" என்கிற கொள்கையோடு பெரே தொப்பி அணிந்தே வண்டி ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்துப் பலமுறை சிறை சென்றார். 1984-இல் லண்டன் பென்டன்வில் சிறையில் இருந்தபோதே இறந்தார். வயது 74.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1966-இல் மத்திய அரசு, ஹெல்மெட் சட்டம் கொண்டுவராத மாநிலங்களுக்கு நிதியைக் குறைப்போம் என்றது. 1975-இல் 47 மாநிலங்களில் சட்டம் இருந்தது. மறு ஆண்டே அந்த நிபந்தனை நீக்கப்பட்டதும் பல மாநிலங்கள் சட்டத்தைக் கைவிட்டன. 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தின் தாக்கமும் சேர்ந்துகொண்டது. அதில் பீட்டர் ஃபோண்டாவின் ஹெல்மெட்டில் அமெரிக்கக் கொடி. ஜாக் நிக்கல்சன் தலையில் கால்பந்து ஆட்டக்காரரின் ஹெல்மெட். சுதந்திரம் என்றாலே முகத்தில் காற்று அடிக்கவேண்டும் என்ற மயக்கம் அங்கிருந்து பலமாகப் பரவியது. இன்றைய ரெட்ரோ ஆசையின் வேர் அந்த மயக்கத்திலும் இருக்கிறது.

பழமை திரும்பி வந்தது

1980கள், 90களில் ஹெல்மெட்டுகள் கூர்மையான வளைவுகளும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களுமாக மாறின. பழைய வடிவம் கிட்டத்தட்ட மறைந்தது. புது நூற்றாண்டில் காற்று திரும்பியது. ட்ரயம்ஃப் நிறுவனம் பழைய பான்வில் வண்டியை மறுபடி கொண்டுவந்தது. மூடிக்கிடந்த ஏஸ் கஃபே 2001-இல் மீண்டும் திறந்தது. ராயல் என்ஃபீல்ட் க்ளாசிக் வந்தது.

ஹெல்மெட்காரர்கள் விடுவார்களா? பெல் தன் பழைய 500-ஐ 'கஸ்டம் 500' என்ற பெயரில் திருப்பிக் கொண்டுவந்தது. 2014-இல் பழைய ஸ்டாரின் சாயலில் 'புல்லிட்' வந்தது. கலிஃபோர்னியாவின் பில்ட்வெல் நிறுவனம் 'க்ரிங்கோ' செய்தது. இத்தாலியின் ஏஜிவி தன் பழைய பந்தய ஹெல்மெட்டின் சாயலில் 'எக்ஸ்3000' கொண்டுவந்தது. ஜப்பானின் ஷூயி 'க்ளாம்ஸ்டர்' என்றது. எல்லாம் முகத்தில் தாத்தா, வயிற்றுக்குள் பேரன்!

ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

பழைய வடிவத்தில் புதிய சான்று வாங்குவது ஏன் கஷ்டம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஐரோப்பாவின் ஈசிஇ 22.05 என்ற தரத்தில், உலோகத் தலை மாதிரிக்கு ஹெல்மெட்டை மாட்டி விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பட்டடையில் மோதவிடுவார்கள். அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அப்போது தலையின் வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 275 மடங்கைத் தாண்டக்கூடாது.

முழு நேரமும் சரியாக 275 மடங்கிலேயே தலை நின்றால்கூட அதற்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் தூரம் வேண்டும். உண்மையில் நுரை அப்படி ஒரே சீராக நசுங்காது, முழுவதும் நசுங்கித் தட்டையாகவும் ஆகாது. ஆகவே அதைப்போல் சில மடங்கு தடிமன் தேவைப்படுகிறது. ஆனால் ரெட்ரோ ஹெல்மெட் வாங்குபவருக்கு வேண்டியது தலையோடு ஒட்டிய ஒல்லியான வடிவம். நுரையைத் தடிமனாக்கினால் தலை காளான் மாதிரி ஆகிவிடும். யாரும் வாங்கமாட்டார்கள். நுரையைக் குறைத்தால் சோதனையில் தோற்றுவிடும்.

தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்ட வழிகள் சில. ஒரே ஓட்டில் பஞ்சை மாற்றி எல்லா அளவும் விற்காமல் பல அளவுகளில் தனித்தனி ஓடு செய்கிறார்கள். சின்னத் தலைக்குச் சின்ன ஓடு. கண்ணாடியிழை, கார்பன் போன்ற மெல்லிய வலுவான பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள். நுரையிலும் இடத்துக்கு ஏற்ப அடர்த்தியை மாற்றுகிறார்கள். தோலும் தையலும் வெளியே தெரியும். உழைப்பெல்லாம் உள்ளே இருக்கும்.

2021 ஜனவரியில் ஈசிஇ 22.06 நடைமுறைக்கு வந்தது. சோதனை இன்னும் கடுமையானது. குறைந்த வேகம், அதிக வேகம் இரண்டிலும் மோதவிடுகிறார்கள். கூடவே சாய்வான பரப்பில் மோதவிட்டுத் தலை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். ஆம், ஹோல்போர்ன் ஜெலட்டினை வைத்து 1943-இல் சொன்ன அதே சுழற்சிதான்! அது ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தரத்துக்குள் வர 78 ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஈசிஇ சான்று பெற்ற ஹெல்மெட்டின் தாடை நாடாவில் ஒரு சீட்டு தைத்திருக்கும். அதில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எந்த நாடு அனுமதி கொடுத்தது என்பதற்கான குறியீடு அது. கவனிக்கவேண்டியது இன்னொரு எழுத்து. 'ஜே' என்றால் தாடைக் காப்பு இல்லாத ஹெல்மெட். 'பி' என்றால் தாடைப் பகுதி சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்டது. 'என்பி' என்றால் தாடையில் ஏதோ இருக்கிறது, ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம் என்று பொருள்.

அமெரிக்காவின் 'டாட்' தரம் வேறு மாதிரி. 1974 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தத் தரத்தில் தயாரிப்பாளரே சோதித்து, தானே முத்திரை ஒட்டிக்கொள்ளலாம். அரசு பிறகு கடைகளிலிருந்து சில ஹெல்மெட்டுகளை எடுத்துச் சோதிக்கும். தாடைப் பகுதிக்குச் சோதனையே இல்லை. அதனால் 'டாட்' மட்டுமே உள்ள முழுமுக ரெட்ரோ ஹெல்மெட்டின் தாடைக் காப்பு அந்தச் சான்றின்படி சோதிக்கப்பட்டது என்று சொல்லமுடியாது.

அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. 'நாவல்டி' என்ற பெயரில் மெல்லிய ஓடு மட்டும் உள்ள விளையாட்டு ஹெல்மெட்டுகள் விற்கும். வாங்கியவர்கள் தனியாக ஒரு டாட் ஸ்டிக்கரை ஒட்டிப் போலீஸை ஏமாற்றுவார்கள். இதைத் தடுக்கத்தான் 2013-இலிருந்து முத்திரையில் தர எண்ணும் 'சான்றளிக்கப்பட்டது' என்ற சொல்லும் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் இருக்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஆனால் போலீஸை ஏமாற்றலாம், தார்ச்சாலையை ஏமாற்ற முடியுமா?

அதேபோல உண்மையான பழைய ஹெல்மெட்டை வாங்கி மாட்டுவதும் ஆபத்து. உள்ளடுக்கும் பசையும் நாடாவும் வயதாகிவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறது ஸ்னெல் அறக்கட்டளை. ஐம்பது வயது ஹெல்மெட் ஷோகேஸுக்குத்தான் லாயக்கு.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு

ரெட்ரோ பைக் அலையில் பெரிய பங்கு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டுக்கு உண்டு. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்த அந்த வண்டி 1955-இல் சென்னைக்கு வந்தது. இன்று பழைய சாயலில் ஹெல்மெட்டும் அந்த நிறுவனமே விற்கிறது.

இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. இதற்கான இந்தியத் தரத்தின் எண் ஐஎஸ் 4151. ஆகவே வெளிநாட்டு ரெட்ரோ ஹெல்மெட் எவ்வளவு பெரிய சான்று வைத்திருந்தாலும் ஐஎஸ்ஐ இல்லாவிட்டால் இங்கே விற்பனைக்குச் செல்லாது.

தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் தீவிரமாக அமலானது. கடைகளில் கூட்டம் அலைமோதியது. இன்றும் சாலையோரத்தில் தொங்கும் அரை ஹெல்மெட்டுகளைப் பாருங்கள். புட்டிங் கிண்ணத்தின் அதே உருவம்! உள்ளே கார்க்குக்குப் பதில் ஒரு மெல்லிய பஞ்சு. அபராதத்திலிருந்து தப்பிக்க வாங்குவது அது. விழும்போது அதற்கும் துணித் தொப்பிக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

ரெட்ரோ ஹெல்மெட் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். முகம் திறந்ததா, தாடை சோதிக்கப்பட்ட முழுமுகமா என்று தெரிந்தே வாங்குங்கள். முத்திரையைப் பாருங்கள். உள்ளே விரலால் அழுத்தி, துணிப் பஞ்சுக்குப் பின்னால் கெட்டியான நுரை இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் மாட்டி அசைத்தால் ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடக்கூடாது. கடைசியாக, நாடாவைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் விபத்தில் முதலில் பறந்துபோகும்.